முதல் கையெழுத்து என்னுடையது

பிள்ளைகளை இணையத்தின் தீங்குகளிலிருந்து காப்பாற்றத் தனிச் சட்டம் வேண்டும் என்று எங்கள் ஊர்த் தாய்மார் மகஜர் எழுதியபோது, அதில் முதலாவதாகக் கையெழுத்து வைத்தவள் நான். ஒரு காலத்தில் இதைப் பெருமைக்குச் சொல்லித் திரிந்தேன். தபால் கந்தோரில் இருபது வருடம் வேலை செய்தவளுக்குக் கையெழுத்தில் ஒரு ஆசை இருக்கும். நீட்டி எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்து வைத்தேன். அந்தக் கோட்டைப் பார்த்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் தொடங்கியது ஒரு டியூட்டரியின் வாசலில். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, நாங்கள் தாய்மார் மதில் நிழலில் ஸ்கூட்டிகளை நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருப்போம். உள்ளே பிள்ளைகள் கணிதம் படிப்பார்கள். வெளியே நாங்கள் போன் படிப்போம். திருகோணமலையில் மான்கள் நாய்கள் போலத் தெருவில் திரிவதால் அவையும் எங்களோடு வந்து நிற்கும். கடலைச் சுருளோ கொப்பித் தாளோ எது விழுந்தாலும் தின்றுவிடும். அந்த வாசலில் போன் பார்க்காத உயிர்கள் அவை மட்டும்தான்.

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. டியூட்டரிக்கு வரும்போதெல்லாம் முகக்கவசம் போட்டுத்தான் வருவாள். கொரோனா போய் எத்தனையோ காலம் ஆகியும் அவள் அதைக் கழற்றவில்லை. மற்றத் தாய்மார் கேட்டால், "அவவுக்குத் தூசு ஒத்துவராது, தன்னைத்தானே கவனிக்கிற பிள்ளை" என்று சொல்லுவேன். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் அலட்டலும் இருக்கும். உங்கள் பிள்ளைகள் அப்படியா என்று கேட்காமல் கேட்கிற அலட்டல்.

மகஜர் யோசனையைக் கொண்டுவந்தவர் கிண்ணியாவிலிருந்து மகனை அழைத்து வருகிற ஒரு டீச்சர். அவருடைய தமக்கையின் மகள் குறிஞ்சாக்கேணியில் இருந்தாள். பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் முகத்தை வெட்டியெடுத்து, யாரோ ஒருவன் அவள் பெயரில் பொய்க் கணக்குத் தொடங்கி அசிங்கமாக எழுதியிருந்தான். எழுதியவனை யாரும் பிடிக்கவில்லை. பிள்ளையைத்தான் பிடித்து வீட்டுக்குள் வைத்தார்கள். படிப்பு நின்றது. டீச்சர் இதைச் சொன்ன அன்று வாசலில் எல்லாப் போன்களும் கீழே இறங்கின. பத்து நிமிடத்துக்கு ஒருத்தரும் எடுக்கவில்லை, அதுவே ஒரு சாதனை.

அடுத்த கிழமை டீச்சர் கையால் எழுதிய மகஜரோடு வந்தார். பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாடு வந்தால் ஒரு நாளுக்குள் அதை நீக்க வேண்டும் என்பது முதலாம் கோரிக்கை. பொலிசில் தாய்மொழியில் முறைப்பாடு கேட்க ஒரு பெண் அலுவலர் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. "இன்னும் ஏதும் சேக்கணுமா?" என்று அவர் கேட்டபோது நான் ஸ்கூட்டியிலிருந்து இறங்கி நின்று சொன்னேன்: "பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் படத்தை எவரும் பகிரங்கமாகப் போடக் கூடாது." எல்லோரும் கை தட்டினார்கள். அதுதான் மூன்றாவது கோரிக்கை ஆயிற்று.

நான் சொன்ன அந்த "எவரும்" என் மனதில் ஒரு ஆண். மீசை வைத்தவன். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டறையில் கணினிக்கு முன் இருப்பவன். நிச்சயமாக எங்கள் தெருவில் இருப்பவன் அல்ல.

மகஜர் வேலைக்காகப் போனில் ஒரு தாய்மார் குழு தொடங்கினோம். யார் யார் எந்தத் தெருவில் கையெழுத்து வாங்குவது என்பது முதல் இரண்டு நாள் கதை. மூன்றாம் நாள் தொடக்கம் காலை வணக்கம், சாம்பார்ப் பொடி, பிள்ளைகளின் புள்ளிகள் என்று எல்லாம் வந்தன. அங்கேதான் அந்த ஸ்டிக்கர் வந்து சேர்ந்தது. யார் முதலில் போட்டார் என்று தெரியாது. தலையில் கிரீடமும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பெண்பிள்ளை, கண்மை கன்னத்தில் வழிய, வாயைக் கோணிக்கொண்டு அழும் முகம். கீழே "ஏலாது சாமி" என்று எழுதியிருக்கும். முடியாது என்பதற்கு நாங்கள் சொல்லுகிற பேச்சு அப்படியே அதில் இருந்ததால் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அரசியல்வாதியின் அலுவலகம் பூட்டியிருந்தது என்று ஒருவர் எழுதினால், பதிலுக்கு அந்த அழும் பிள்ளை. மூதூர்ப் பக்கம் கையெழுத்து வாங்கப் போனவரின் ஸ்கூட்டி காற்றுப் போய் நின்றது என்றால், அதற்கும் அந்தப் பிள்ளை. நானும் போட்டேன். போட்டுவிட்டு, குசினியில் தனியாக நின்று சிரித்ததும் நினைவிருக்கிறது.

கையெழுத்து மூன்று தாள் நிரம்பியதும், கையால் எழுதின மகஜரை அனுப்பினால் மதிக்கமாட்டார்கள் என்று தட்டச்சு செய்ய முடிவெடுத்தோம். "என்ர மகள் அடிச்சுத் தருவா" என்று நானே பொறுப்பெடுத்தேன். டீச்சர் மகஜரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். என் போனை மகளிடம் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துப் பார்த்து வீட்டுக் கணினியில் அடித்தாள். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு பின்னேரம் எடுத்தாள். எழுத்துப் பிழை வராமல் கவனமாக அடிக்கிறாள் என்று நினைத்து, தேநீரும் வாழைக்காய்ப் பொரியலும் கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்த நாள் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் அச்செடுத்தபோதுதான் பார்த்தேன். மூன்றாவது கோரிக்கையில் "எவரும்" என்ற என் சொல்லுக்கு முன்னால் "தாய் தகப்பன் உட்பட" என்று மூன்று சொற்கள் புதிதாக இருந்தன.

கந்தோரில் அன்று முழுக்க முத்திரைகளைக் கொஞ்சம் பலமாகத்தான் குத்தினேன். வீட்டுக்கு வந்து கைப்பையை வைக்காமலேயே கேட்டேன்.

"இதில ஆர் உன்னைக் கை வைக்கச் சொன்னது?"

"பிழையே அம்மா?"

"பிழையெண்டில்லை. தேவையில்லாதது. தாய் தகப்பன் பிள்ளைக்குக் கெடுதல் செய்வினமே?"

அவள் என் கைப்பையிலிருந்து போனை எடுத்து, குழுவைத் திறந்து, அந்த ஸ்டிக்கரைத் தொட்டு என் முன்னே நீட்டினாள்.

"இது ஆரெண்டு தெரியுமே?"

"எனக்கென்ன தெரியும். ஆரோ ஒரு பிள்ளை. சும்மா வந்தது."

"வடிவாப் பாருங்கோ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பவுடர் அப்பிய வெள்ளை முகம். இப்படி ஆயிரம் முகம் பார்த்தாயிற்று. கண், மூக்கு, வாய் எதுவும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடது காதில் தொங்கிய ஜிமிக்கியைப் பார்த்தேன். அதன் விளிம்பில் வெள்ளை முத்துகளுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு மணி இருந்தது. ஒரு முத்து கழன்று விழுந்த காலையில், அவசரத்துக்கு என் பழைய வளையல் ஒன்றிலிருந்து மணியைக் கழற்றி, நூலில் கோத்து அந்த இடத்தில் கட்டியவள் நான்தான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கைக்குக் குஞ்சை அடையாளமாவது தெரியும். எனக்கு முதலில் தெரிந்தது தோடு. அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தெரிந்தது.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அழவில்லை, அதுதான் என்னை இன்னும் வருத்தியது. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "எல்லாரும் போட்டிருக்கினம். நீங்கள் மட்டும் ஆறு தரம் போட்டிருக்கிறீங்கள்."

இங்கே நடந்ததை விளக்க, இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். இந்தக் கதையை எழுதலாமா என்று மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஒருத்தருடைய பெயரும் வரக்கூடாது என்றாள். எழுதியதை வாசித்துவிட்டு, இந்த இடத்தில் இருந்த எட்டு வரிகளைப் பேனையால் வெட்டினாள். அதனால் மிச்சத்தைத்தான் சொல்லுகிறேன்.

அவள் பெரியபிள்ளையானபோது அதை ஊரறியச் செய்ய வேண்டும் என்று நின்றவர் கனடாவில் இருக்கும் என் அண்ணன். அவர்தானே தாய்மாமன். மண்டபமும் ஒப்பனைக்காரியும் ஸ்ரூடியோவும் அவருடைய ஏற்பாடு. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிற என் கணவரை ஏவி, ஒரு சின்னப் படகை அன்னம்போலச் சோடித்து, மண்டபத்துக்குள் இழுத்துவந்து பிள்ளையை அதில் ஏற்றினோம். கப்பல்களையே இழுக்கிற மனிதர், மகளைச் சில்லு வைத்த அன்னத்தில் இழுக்கத் தெரியாமல் கதவில் முட்டினார். கடைசி நேரத்தில் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமன் இல்லாமல் சாமத்தியச் சடங்கா? மாமனுக்குரிய இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு, அதில் போனை நிறுத்தி, போனுக்குச் சால்வை போர்த்தினோம். சொந்தபந்தம் எல்லோரும் பார்க்கட்டும் என்று நேரலையாகவும் விட்டோம். ஒரு பெரியவர் அந்தப் போனுக்குச் சந்தனம் வைக்கப் போனார், நல்லவேளையாகத் திரையில் படவில்லை.

பிள்ளை காலை நாலு மணிக்கே எழும்பி ஒப்பனைக்கு இருந்தவள். ஐந்தாவது உடுப்பு மாற்றியாகிவிட்டது. அண்ணனின் படம் விட்டு விட்டு வந்தது. "சிரி மருமகள், சிரி!" என்று போனுக்குள் இருந்து அவர் கத்தினார். சபையும் சேர்ந்து, "சிரி, மாமா பாக்கிறார், சிரி!" என்றது. போனைத் தூக்கி அவள் முகத்துக்கு முன்னே பிடித்தது நான். வரவில்லை வரவில்லை என்று அதை ஆட்டியதும் நான். பிள்ளை சிரிக்கப் பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் உடைந்து அழுதுவிட்டாள். ஸ்ரூடியோக்காரர் அதை மெதுவாக ஓடவிட்டு, வயலின் சேர்த்து, "மாமாவைக் கண்டு கண்ணீர் விட்ட மருமகள்" என்று தலைப்பிட்டுத் தங்கள் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டார்கள். அண்ணன் பார்த்துப் பார்த்து அழுதாராம். நானும் அழுதேன். பிள்ளை மட்டும் அடுத்த நாளே, "அம்மா, அதை எடுக்கச் சொல்லுங்கோ" என்றாள். "சொந்தக்காரர் பாக்கட்டும், இதிலென்ன வெக்கம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவளும் பிறகு கேட்கவில்லை. கேட்காவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்வதில் எங்களைப் போன்ற தாய்மாரை வெல்ல ஆளில்லை.

அந்த அழுகையைத்தான் டியூட்டரிப் பொடியன்கள் யாரோ வெட்டி ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். அவள் வகுப்புக்குள் போனால் பின்வரிசை வாங்கிலிருந்து, "ஏலாது சாமி" என்று குரல் வருமாம். ஒன்றரை வருடமாக வருகிறதாம்.

"அப்ப மாஸ்க்?" என்று கேட்டேன்.

"தூசு எண்டு நீங்கள்தானே எல்லாருக்கும் சொன்னனீங்கள். நானும் ஓம் எண்டிட்டன்."

கணவரிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்றார். அவர் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. இருபது வருடமாக ஊராருடைய கடிதங்களைப் பிரித்துப் பார்க்காமல் பத்திரமாகக் கொடுக்கிறவள் நான். உறையின் ஓரம் கிழிந்திருந்தாலே ஒட்டித்தான் அனுப்புவேன். அப்படிப்பட்டவள் என் சொந்தப் பிள்ளையை மட்டும் உறை இல்லாமல் உலகத்துக்கே அனுப்பியிருந்தேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு கணவர் மேல், ஒரு பங்கு அண்ணன் மேல், ஒரு பங்கு கனடா மேல் என்று பிரித்துப் பார்த்தேன். எத்தனை தரம் பிரித்தாலும் மிச்சம் என்னிடமே வந்து நின்றது.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் ஸ்ரூடியோவுக்குப் போனேன். ஸ்ரூடியோக்காரர் நல்ல மரியாதையான ஆள். சோடா உடைத்துத் தந்தார். ஸ்டிக்கரைக் காட்டி, வீடியோவை எடுக்க வேண்டும் என்றதும் முகம் சுருங்கியது.

"அக்கா, எங்கட பக்கத்தில கனபேர் பாத்த வீடியோ அதுதான். அதைப் பாத்திட்டுத்தான் ஆக்கள் எங்களைத் தேடி வருகினம்."

"அது என்ர பிள்ளை தம்பி."

"ஓம், நீங்கள்தானே கையெழுத்து வச்சனீங்கள்?"

அலுமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வீடியோவையும் படங்களையும் விளம்பரத்துக்குப் பாவிக்கச் சம்மதம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதற்குக் கைமாறாக ஒரு பெரிய படம் சட்டம் போட்டு இனாமாகத் தருவார்களாம். அந்தப் படம் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு வருடமாகத் தொங்குகிறது. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் நீட்டி எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்திருந்தேன். வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள் என்று கந்தோரில் ஒவ்வொரு நாளும் சனத்துக்குச் சொல்லுகிற அதே கை.

"சட்டம் எண்டு ஒண்டு வந்தா நானே எடுத்துப்போடுவன் அக்கா. உங்கட மகஜரில நானும் கையெழுத்து வச்சனான். மனுசியும் வச்சவ" என்றார். பொய் சொல்லவில்லை. இரண்டாம் தாளில் இருவருடைய கையெழுத்தும் உண்டு.

நான் எழும்பவில்லை. சட்டம் வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லி அங்கேயே இருந்தேன். அன்று கடை பூட்டும்வரை இருந்தேன். அடுத்த நாளும் போய் அதே கதிரையில் இருந்தேன். அன்றைக்கு ஒரு தாய் மகளோடு சடங்குக்கு நாள் குறிக்க வந்தார். அவர் கையில் தாளும் பேனையும் கொடுக்கப்பட்டதும், "தங்கச்சி, அதைக் கொஞ்சம் தாங்கோ" என்று வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தபால் விதிகளை வாசிக்கிற குரலில் சின்ன எழுத்து முழுவதையும் உரக்க வாசித்தேன். இரண்டாம் பந்திக்கு வரும்போது அந்தப் பிள்ளை தாயின் கையைப் பிடித்து இழுத்தது. மூன்றாம் பந்திக்கு வரும்போது ஸ்ரூடியோக்காரர், "போதும் அக்கா, எடுத்தாச்சு" என்று தன் போனை எனக்கு நீட்டினார். உண்மையாகவே எடுத்திருந்தார். அன்று சோடா தரவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னார்: "ஸ்டிக்கர் எங்கட கையில இல்லை அக்கா. அது ஆரின்ர கையிலயும் இல்லை."

அதுதான் உண்மையான இடக்கு. ஸ்டிக்கரைப் போடாதீர்கள் என்று குழுவில் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். அது என் மகள் என்று சொன்னால், இதுவரை முகம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு வீடும் விலாசமும் சேர்ந்துவிடும். மகள் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "ஆரெண்டு மட்டும் சொல்லக்கூடாது." பேசாமல் இருந்தாலோ, நாளைக்கும் அவள் முகம் ஒரு ஸ்கூட்டியின் காற்றுப் போனதுக்கு அழும். மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தேன். கடைசியில், "அந்த அழுகிற பிள்ளையின் ஸ்டிக்கரை இனி ஒருவரும் போட வேண்டாம். அது யாரோ ஒருவருடைய பிள்ளை. அவளுடைய சம்மதம் இல்லாமல் செய்தது" என்று அனுப்பினேன்.

பதில்கள் வரிசையாக வந்தன. "அட, நான் யோசிக்கவே இல்லை" என்றார் ஒருவர். "அது இந்தியப் பிள்ளை. ஏதோ நாடகத்தில் நடிச்சது" என்றார் இன்னொருவர். "அப்ப பரவாயில்லை, எங்கட பிள்ளையள் இல்லைத்தானே" என்றார் மூன்றாமவர். அதற்குக் கீழே நாலு பேர் கைகூப்பியிருந்தார்கள். பத்து நாளுக்கு முன் இதே வார்த்தையை நான்தான் முதலில் எழுதியிருப்பேன் என்பதும் தெரிந்தது.

அன்று பின்னேரம் கிண்ணியா டீச்சர் அழைத்தார்.

"தங்கச்சி, நான் ஆரெண்டு கேக்க மாட்டன்" என்றார். பிறகு தானாகவே சொன்னார்: "எங்கட ராத்தாட புள்ளைக்கு நடந்தத நான் அண்டைக்கு வாசல்ல எல்லாருக்கும் சொன்னன் என்ன? நியாயத்துக்குத்தான் சொன்னன். இப்ப பஸ்ஸில ஏறினாலும், அந்தப் புள்ள எப்பிடி டீச்சர் எண்டு கேக்கிறாங்க. புள்ள என்னோட கதைக்கிறதே இல்ல."

அச்செடுத்த மகஜரை அவருக்கு முன்னமே படம் எடுத்து அனுப்பியிருந்தேன். "மகஜரில அந்த மூணு சொல்லும் இருக்கட்டும். ஆரு சேத்தாலும் சரியாத்தான் சேத்திருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சேர்த்தது என் மகள் என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

சனிக்கிழமை வாசலில் தட்டச்சு செய்த மகஜரை வாசித்துக் காட்டினோம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் தலையாட்டினார்கள். மூன்றாவது வந்ததும் ஒருவர் ஸ்கூட்டிச் சாவியை விரலில் சுற்றத் தொடங்கினார்.

"அப்ப பிறந்தநாள் படம் போடேலாதே?"

"பரிசளிப்புப் படம்?"

"எங்கட இவர் கட்டாரில. பிள்ளையை அந்தாள் என்னண்டு பாக்கிறது?"

கடைசிக் கேள்வி நியாயமானது. டீச்சர் அவருக்குப் பதில் சொன்னார்: "வாப்பாவுக்கு அனுப்புங்க புள்ள. ஊருக்குப் போடாதீங்க."

"பெத்த பிள்ளையின்ர படம் போட பிள்ளையிட்டக் கேக்கிறதோ? நாளைக்கு வாயில சோறு தீத்தவும் கேக்க வேணும்" என்று ஒருவர் சொல்ல, நிறையப் பேர் சிரித்தார்கள். கெட்டவன் வேறு எங்கோ இருந்தவரைக்கும் சட்டம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அது படியேறி விறாந்தைக்கு வந்ததும், "இவ்வளவு கடுமை வேண்டாம்" என்றார்கள். பழைய கையெழுத்துத் தாள்களையே புதிய மகஜரோடு இணைத்து அனுப்பலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு யோசனையும் வந்தது. டீச்சர் சம்மதிக்கவில்லை.

இந்த வாக்குவாதத்துக்கு நடுவில் பழைய தாள்கள் மூன்றும் என் ஸ்கூட்டி ஆசனத்தில் கிடந்தன. ஒரு மான் வந்து மேலே இருந்த முதலாம் தாளை இழுத்தது. என் நீண்ட கையெழுத்தும் அதன் கீழ்க் கோடும் இருந்த தாள் அது. நான் கொடுக்கவில்லை, இது சத்தியம். ஆனால் தடுக்கவும் இல்லை. அது நிதானமாகத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதிய தாளில் மறுபடியும் நான்தான் முதலாவது. இந்த முறை கோடு இழுக்கவில்லை. டீச்சர் இரண்டாவது. கட்டார்க்காரரின் மனைவி மூன்றாவது. மூன்று தாள் நிரம்பிய இடத்தில் இந்த முறை அரைத் தாள் நிரம்பியது. ஸ்ரூடியோக்காரரின் மனைவி பேனையைக் கையில் எடுத்தார், வாசித்தார், மெல்லத் திருப்பி வைத்தார். அவராவது வாசித்தாரே என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை என் கையாலேயே முத்திரை குத்தி, அமைச்சுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. கவனத்தில் எடுத்துக்கொள்வது எவ்வளவு காலம் பிடிக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அண்ணனுக்கு மட்டும் சொல்லவேண்டி இருந்தது. அவர் ஏற்பாடு செய்த சடங்கு, அவருக்காகவே விட்ட நேரலை. சொல்லாமல் விட்டால் தேடிப் பார்த்துவிட்டு ஸ்ரூடியோக்காரரோடு சண்டைக்குப் போவார். விறாந்தையில் தொங்கிய பெரிய படத்தையும் கழற்றிச் சுவரோடு திருப்பி வைத்த அன்று, அவருக்கு எழுதினேன்: "அண்ணா, பிள்ளையின்ர சாமத்திய வீடியோவை எடுக்கச் சொல்லி எடுத்தாச்சு. அவவுக்கு விருப்பமில்லை."

அண்ணன் உடனே பதில் எழுதவில்லை. மகள் மேசையில் எனக்கு எதிரே இருந்து படித்துக்கொண்டிருந்தாள். போன் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. சிறிது நேரத்தில் அது ஒளிர்ந்தது. அண்ணன் ஒரு சொல்லும் எழுதவில்லை. தன் கவலையைத் தெரிவிக்க ஒரு ஸ்டிக்கர் அனுப்பியிருந்தார். கிரீடமும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பிள்ளை, கண்மை வழிய, வாயைக் கோணிக்கொண்டு அழுதது. "ஏலாது சாமி."

நான் போனைக் கவிழ்த்து வைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"மாமாவுக்கும் தெரியேல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மாமாவுக்காக வருத்தப்படுவதுபோலச் சொன்னாள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினாள். எனக்குத்தான் எழும்பிக் குசினிக்குப் போக வேண்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டவருக்காகத்தான் அன்று அவள் முகத்துக்கு முன்னே அந்தப் போனைப் பிடித்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அவள் முகக்கவசம் போட்டுத்தான் ஸ்கூட்டியில் ஏறினாள். கழற்று என்று நான் சொல்லவில்லை. வாசலில் அவள் இறங்கி உள்ளே போனதும், பக்கத்து ஸ்கூட்டியில் இருந்த தாய் வழக்கம்போலக் கேட்டார்: "இன்னும் தூசு ஒத்துவரேல்லையோ?"

"அது தூசில்லை" என்றேன்.

"அப்ப என்ன?"

"மகளிட்டக் கேக்காமல் சொல்ல ஏலாது."